காப்பிச் செடிக்குப் போன மாத்திரைகள்

கொட்டச்சேடு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த நிலோஃபர் சிஸ்டருக்கு,

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பூவாயி எழுதுவது. நான் நலம். ஏதோ வழக்கத்துக்காக இப்படி எழுதவில்லை. நேற்றுத்தான் பிரஷர் பார்த்தார்கள், நூற்று முப்பது. நீங்கள் இங்கே நர்ஸாக இருந்த இரண்டு வருஷமும் நூற்றெழுபதுக்குக் கீழே இறங்காதவள் நான். இதை முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மூன்று தடவை நம்பரைப் போட்டு, நீங்கள் எடுப்பதற்குள் நானே கட் பண்ணிவிட்டேன். எட்டாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

இந்த வருஷம் பழம் நல்ல காய்ப்பு. மேல் காட்டில் காட்டெருமை இறங்குவதால் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வேலைக்கு ஏறுகிறோம். கணக்கெழுதுகிற ரைட்டர் மாதப்பன் மீசைக்கு மை போட ஆரம்பித்திருக்கிறார். அது மட்டும்தான் இங்கே புதுசு என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் என் வாயால் சொன்னதில்லை. காலையில் பேர் கூப்பிடும் இடத்துக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுப்பீர்கள். பதினோரு பொம்பளைகளும் வாயில் போட்டு, உங்கள் கண்முன்னே ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்போம். மாத்திரை நாக்குக்கடியிலேயே இருக்கும், செடிக்குள் போனதும் துப்பிவிடுவோம். அது நீர் பிரிய வைக்கிற மாத்திரை. போட்டால் மத்தியானத்துக்குள் நாலு தடவை ஒதுங்க வேண்டும். எங்கே ஒதுங்குவது? மேலே மேஸ்திரி, கீழே மூட்டை தூக்கும் ஆம்பளைகள். அதனால் சாயங்காலம் வரை தண்ணீரும் குடிக்க மாட்டோம். நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று படம் போட்டு ஒட்டிய சுவரைத் தாண்டித்தான் தினமும் போனோம்.

பிறகு அந்த ஆடி மாதக் கூட்டம். சுகாதாரக் குழு என்று பெயர் வைத்து, தொழிலாளர் சார்பில் என்னையும் பாப்பாத்தியையும் புவனேஸ்வரியையும் உட்கார வைத்திருந்தார்கள். எங்களுக்கு அங்கே என்ன வேலை? பிஸ்கட் தின்பது, போட்டோவுக்கு நிற்பது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். சாப்பிடறமுங்க என்று மூன்று பேரும் தலையாட்டினோம். அப்படியானால் ஒருத்திக்கும் பிரஷர் குறையவில்லையே, மாத்திரை எல்லாம் ஏற்காடு கடைவீதிக்குப் போகிறதா என்று அவர் உங்களைப் பார்த்துக் கேட்டார். உங்கள் அப்பா அங்கே கடை வைத்திருப்பதை மனதில் வைத்து, மாத்திரையை நீங்கள் எடுத்து விற்கிறீர்கள் என்கிற மாதிரித்தான் கேட்டார்.

நீங்கள் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

அதற்கு முந்தின வாரம்தான் பாப்பாத்தி துப்பியதை நீங்கள் பார்த்துவிட்டு, ஏனுங்கக்கா என்று கேட்டு, காரணத்தையும் தெரிந்துகொண்டிருந்தீர்கள். மலையில் கக்கூஸ் வேண்டும் என்று ஏற்கெனவே இரண்டு தடவை எழுதிக் கொடுத்தவரும் நீங்கள்தான். இவர்கள் துப்புகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பேர் பிழைத்திருக்கும். ஆனால் மாத்திரை போடாதவர்கள் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தாரே. அந்தப் பதினோரு பேர் பிழைப்பை நினைத்து நீங்கள் வாயைத் திறக்கவில்லை. வேலையும் போய், வேலை செய்ததற்கு ஒரு சர்டிபிகேட் கூட இல்லாமல் மலை இறங்கினீர்கள். நர்ஸ் படித்த நீங்கள் ஓசூரில் ஏதோ கிளினிக்கில் சீட்டு எழுதி உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழியில் பாப்பாத்தி செடிக்கடியிலேயே விழுந்தாள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஜீப்பில் சேலம் கொண்டுபோய் உயிரை மீட்டார்கள். வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. அவள் நாற்காலி காலியாக இருந்த அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாதப்பன் கூரையைப் பார்த்து இருமினார். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று மேனேஜர் கோபப்பட்டார். மாத்திரை போடறீங்களான்னு கேட்டீங்க, எதனால போட முடியலைன்னு யாரும் கேக்கலீங்க, ஆனாலும் நாங்க பொய் சொன்னது தப்புதானுங்க, அந்த சிஸ்டர் மேல ஒரு தப்பும் இல்லீங்க என்றேன்.

உடனே தகரத்தில் இரண்டு கக்கூஸ் வைத்தார்கள். எங்கே தெரியுமா? ரோட்டோரம், பழம் எடை போடும் இடத்துக்கு எதிரே, வருகிறவர்கள் பார்க்க வசதியாக! ஒருத்தியும் போகவில்லை. மறுபடி சண்டை போட்டோம். கடைசியில் நாங்களே இடம் காட்டினோம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சில்வர் ஓக் மரங்களின் மறைவில். எஸ்டேட் டாக்டரும் எங்களை உட்கார வைத்துப் பேசி, மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்.

இத்துடன் இருக்கிற காகிதம் உங்கள் சர்டிபிகேட். இரண்டு வருஷம் நேர்மையாக வேலை செய்தீர்கள், மருந்து கொடுத்ததில் எந்தக் குறையும் இல்லை என்று மேனேஜரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். சும்மா போடவில்லை. ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வருஷா வருஷம் குழுவோடு போட்டோ எடுக்க வேண்டும் அல்லவா? சிஸ்டருக்குக் காகிதம் வராமல் நாங்கள் கேமரா முன்னால் நிற்க மாட்டோம் என்று புவனேஸ்வரி சொல்லிவிட்டாள். பாப்பாத்தியும் வந்து மடங்காத வலது கையை மடியில் போட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். நாலே நாளில் காகிதம் வந்தது.

உங்கள் விலாசம் கேட்க உங்கள் அப்பா பஷீர் பாய் கடைக்குப் போனேன். ஏழு மாதமாக அந்தக் கடையைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தவள் நான். பஷீர் பாய் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் பொம்பளைகளை ஒன்றும் கேட்கக் கூடாது என்று நீங்கள் வீட்டில் சத்தியம் வாங்கியிருந்ததைச் சொன்னார். அங்கேயே அழுதுவிட்டேன், சிஸ்டர். பெற்ற மகள் கூட எனக்கு இவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

இந்தக் காகிதத்தைக் காட்டி நல்ல ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொள்ளுங்கள். உங்கள் கை பட்டவர்கள் எல்லோரும் எழுந்து நடக்கட்டும். உங்களுக்கு ஒரு குறையும் வராது.

கவரில் மூன்று காலி மாத்திரை அட்டைகளும் வைத்திருக்கிறேன். முப்பது மாத்திரை, முப்பது நாள். ஒன்று கூடச் செடிக்குப் போகவில்லை. நீங்கள் எண்ணிப் பார்க்கிறவர் இல்லை என்று தெரியும். ஆனாலும் ஒரு தடவை எண்ணிப் பார், கண்ணு. எண்ணி முடித்ததும் எனக்கு ஒரு போன் போடு. இந்தத் தடவை கட் பண்ண மாட்டேன்.

என்றும் நன்றியோடு,
பூவாயி