மூட்டை சுமந்தவரின் அத்தியாயம்

என் மச்சானுக்கு,

ஸலாம். நேற்று சிராங்கூன் சாலையில் என் புத்தக வெளியீட்டுக்கு நாற்காலி போதாமல் ஜனங்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு வரலாற்றுப் புத்தகத்துக்கு அப்படியொரு கூட்டம்!

நீங்கள் கோபித்துக்கொண்டு நம் வீட்டைவிட்டு ஈசூனுக்கு, மதினி வீட்டுக்குப் போகக் காரணமான அத்தியாயத்தைத்தான் வாசித்தேன். கப்பல் வியாபாரி என்று குடும்பமே சொல்லிவந்த மாமா, உங்கள் வாப்பா, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் அரிசி மூட்டை சுமந்த கதை. உங்களுக்காக அவர் பெயரை மட்டும் மறைத்திருந்தேன்.

முடித்ததும் ஒரு டாக்சி ஓட்டுநர் எழுந்தார்.

"எங்கப்பாவும் மூட்டதான் தூக்குனாரு. பிள்ளைங்ககிட்ட கூட சொன்னதில்ல. இனிமே சொல்வேன் லா."

அடுத்து ஒரு ஆசிரியை. பிறகு ஒரு வக்கீல். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தகப்பன் பெயரைச் சொன்னார்கள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து உங்கள் குரல் கேட்டது.

"அவங்க வாசிச்சது எங்க வாப்பா கதை. அவர் பேரு நெய்னா முஹம்மது."

அரங்கமே எழுந்து கைதட்டியது. நான் மேடையிலிருந்து இறங்கி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். பதினைந்து வருஷ எழுத்தில் இதைவிடப் பெரிய பரிசு எனக்குக் கிடைத்ததில்லை, மச்சான்.

நாளை மாலை ஈசூனுக்கு வருகிறேன். பெட்டியைக் கட்டி வையுங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் இருவரும் நம் வீட்டுக்குக் கிளம்புவோம் என்று மதினியிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி