திரை சொன்ன ஆழம்

மார்ச் 3

இன்று கடைக்குப் பாதி நாள் விடுப்பு. மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றுகிற கைக்கு இது புது வேலை. அண்ணனின் மரப்படகைக் கரையேற்றி, பின்பலகையில் ஆழமானியின் உணர்கருவியைப் பொருத்தினோம். குளியல் சோப்பு அளவுதான். டிரான்ஸ்டியூசர் என்று அது வந்த அட்டையில் எழுதியிருக்கிறது. அண்ணன் வாயில் அது நுழையவில்லை, ‘காது’ என்கிறான். சரியான பெயர்தான். கீழே ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிறது. திரும்பி வர எடுக்கும் நேரம்தான் ஆழம். இவ்வளவு எளிமையா?

போன மாதப் புயலில் முகத்துவார மணல் இடம் மாறிவிட்டது. இரண்டு தடவை படகு தரை தட்டிவிட்டது. அண்ணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு தடவை தட்டுச்சுன்னா படகை வித்துட்டு சிமெண்ட் கிடங்குக் காவலுக்குப் போயிடணும். வயித்துல இருக்கறதுக்கு அப்பன் வேணும்.”

மார்ச் 4

திருகு போட்ட துளைகளில் பூசிய பசை இன்னும் காயவில்லை. கடலுக்குப் போக முடியாமல் அண்ணன்தான் காய்கிறான்.

மார்ச் 6

வெள்ளோட்டம். நின்றால் திரைப்பெட்டியில் ஆழத்தின் எண் பளிச்சென்று வருகிறது. வேகமெடுத்தால் வெறும் கோடுகள்.

“நின்னா பேசுது, ஓடுனா ஊமையாயிடுது. மாமியார் வீட்டுக்குப் போன மாப்பிள்ளை மாதிரி” என்றான் அண்ணன்.

வயர் பழுதா? மீட்டர் வைத்துப் பார்த்தேன், இல்லை. பின்பலகையில் குப்புறப் படுத்து, அவனை ஓட்டச் சொல்லிக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பலகையின் ஒரு விளிம்பிலிருந்து வெள்ளை நுரை புறப்பட்டு நேராகக் ‘காதின்’ மேல் போகிறது. குமிழிக்குள் இருப்பது காற்று. ஒலி அங்கேயே சிதறிவிடும். ஊமை இல்லை, செவிடு.

மார்ச் 8

கருவியை நுரை வராத பக்கத்துக்கு மாற்றி, ஒரு விரற்கடை கீழே இறக்கினோம். ஓட்டத்திலும் எண் நிற்கிறது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 9

தட்டிவிட்டது.

முகத்துவாரத்தில் திரை முக்கால் மீட்டர் என்று காட்டும்போதே அடியில் கர்ரென்று ஒரு இழுவை. நானும் படகில்தான் இருந்தேன். நல்லவேளை, அலை ஒன்று தூக்கிவிட்டது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்தப் பெட்டி பொய் சொல்லுதா? இல்ல நான் ஏதாவது தப்பா மாட்டிட்டேனா? எண் சரியாத்தானே வந்துச்சு — அப்புறம் எப்படி?

அண்ணி துணி மடித்துக்கொண்டே, “கிடங்குல நாளைக்கு ஆள் பாக்குறாங்களாம்” என்றார்.

“ஒரே ஒரு நாள் குடுங்க அண்ணி” என்றேன்.

மார்ச் 10

படகுத்துறையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கயிற்று நுனியில் இரும்புத் துண்டு கட்டி, கருவிக்குப் பக்கத்திலேயே இறக்கினேன். கருவியின் முகத்திலிருந்து தரைவரை அளந்தால் திரையும் கயிறும் ஒன்றையே சொல்கின்றன. அப்படியானால் பெட்டி பொய் சொல்லவில்லை.

படகின் நீளத்துக்கும் அடியில் ஓடும் அடிக்கட்டையை அப்போதுதான் நினைத்தேன். அது கருவியைவிட முக்கால் மீட்டர் கீழே இறங்கியிருக்கிறது! திரை ‘முக்கால்’ என்றால் படகுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. எவ்வளவு என்று பார்த்தேனே தவிர, எங்கிருந்து என்று கேட்கவில்லை.

பெட்டியின் செட்டிங்கில் அந்த வித்தியாசத்தைக் கழிக்க ஓர் இடம் இருக்கிறது. கழித்தேன். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் விரலை வைத்தவன், “அப்ப இது பூஜ்யம்னா நாம தரையில உக்காந்திருக்கோம். அவ்வளவுதானே?” என்றான். அண்ணியிடம் அவனே போய்ச் சொன்னான்.

மார்ச் 27

எண் நிலையில்லாமல் துள்ளுகிறது. படகை ஏற்றிப் பார்த்தால் ‘காதில்’ பாசியும் குட்டிச் சிப்பிகளும். அண்ணன் கத்தியை எடுத்தான், கையைப் பிடித்துவிட்டேன். கீறல் விழுந்தால் அதோடு சரி. சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். அடிப்பலகைக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் அதன்மேலும் ஒரு இழுப்பு இழுக்கப் போனார்.

“காதுல யாராவது பெயிண்ட் அடிப்பாங்களா?” என்று அண்ணன் முந்திக்கொண்டான்.

ஏப்ரல் 5

காலையில், இந்த மாதத்தில் பார்த்திராத கடும் பனிமூட்டம். படகுகள் முகத்துவாரத்துக்கு வெளியே இன்ஜினை அணைத்துக் காத்துக் கிடந்தன. நானும் அண்ணியும் துறையில் நின்றோம். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. பிறகு ஒரு இன்ஜின் சத்தம், மெதுவாக, நின்று நின்று. முதலில் வந்தது எங்கள் படகு. அதன் பின்னால், ஒட்டினாற்போல, மற்றவை.

“இடது பக்கம் ஆழம் கூடுது, அதைப் பிடிச்சே வந்துட்டேன்” என்றான் அண்ணன், வேறெதுவும் நடக்காத மாதிரி.

ஏப்ரல் 12

பக்கத்துப் படகுக்காரர் தன் படகைக் கரையேற்றி வைத்துவிட்டு, புதிதாக வாங்கிய கருவியைப் பொருத்தித் தரக் கூப்பிட்டார். கருவியை வெளியில் எடுக்கும் முன்பே, அடிக்கட்டை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும் என்றேன். நாடாவின் மறுமுனையைப் பிடித்தது அண்ணி. வயிற்றைத் தாங்கியபடி குனிந்து, “எங்கேருந்து பிடிக்கணும், சரியா சொல்லு” என்றார்.

கிடங்கு வேலைக்கு வேறு யாரோ சேர்ந்துவிட்டார்களாம்.