இரண்டு இடத்தில் தொட்ட கயிறு

டீச்சர்,

பீரோவின் அடித்தட்டைத் துடைத்தபோது ஒரு பழைய சாக்பீஸ் டப்பா கிடைத்தது. உள்ளே மூன்று தென்னை ஈர்க்குகள். அவற்றைச் சேர்த்திருந்த சைக்கிள் வால்வு டியூப் கை பட்டதும் பொடிந்துவிட்டது. இவை உங்களுடையவை. தொண்ணூறுகளில் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் நாள் காலையில் உங்கள் மேஜையிலிருந்து நான் எடுத்து ஒளித்தவை. நீங்கள் இருக்கும்வரை சொல்ல வாய் வரவில்லை.

கிணத்துக்கடவுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு நான் கணக்கு வாத்தியார், 'பி' பிரிவுக்கு நீங்கள். என் பிள்ளைகள் ப-ப-ப, ப-கோ-ப, கோ-ப-கோ என்று முக்கோணங்களின் சர்வசம விதிகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். உங்கள் பிள்ளைகள் "அது எப்படீங்க?" என்று கேட்பார்கள். உங்கள் வகுப்பில் சிரிப்பு எழும்போதெல்லாம் என் பிள்ளைகளின் கண் சன்னலுக்குப் போகும். எனக்கு வயிறு எரியும்.

அன்று வந்த அதிகாரி நம்மில் ஒருவரைத்தான் கோவையில் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர அனுப்புவதாக இருந்தார். என் வகுப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உங்களிடம் வந்தார். இரண்டு பக்கமும், அவற்றுக்கு நடுவில் இல்லாத ஒரு கோணமும் சமமாக இருந்தால் இரண்டு முக்கோணங்கள் சர்வசமமாகிவிடுமா என்பது உங்கள் பாடம். முக்கோணம் செய்து காட்ட ஈர்க்கு இல்லாமல் நீங்கள் திணறுவதைப் பார்க்க வராந்தாவில் நின்றேன்.

மேஜையில் தேடினீர்கள். பிறகு ஸ்கிப்பிங் கயிறு ஒன்றை எடுத்துவரச் சொல்லி, எல்லோரையும் மைதானத்துக்கு அழைத்துப் போனீர்கள். தரையில் நீளமாக ஒரு கோடு. அதன் முனையிலிருந்து சாய்வாக இன்னொரு கோடு. சாய்வுக் கோட்டின் நுனியில் ஒரு பெண் கயிற்றைப் பிடித்து நின்றாள். மறுமுனையை விறைப்பாகப் பிடித்தபடி இன்னொருத்தி சுற்றி நடந்தாள்.

"டீச்சர், கயிறு கோட்டுல ரெண்டு எடத்துல தொடுதுங்க!"

"அப்ப எத்தன முக்கோணம் கண்ணு?"

"ரெண்டுங்க! ஒண்ணு குண்டு, ஒண்ணு ஒல்லி!"

"அதே கோணம், அதே ரெண்டு பக்கம்தான?"

"ஆமாங்க. ஆனா இது விதியாவாதுங்க டீச்சர்!"

அதிகாரி கைதட்டினார். கோவைக்கு நீங்கள் போனீர்கள்.

போகுமுன் கேட்டீர்கள்: "சார், என்ற ஈர்க்கு டப்பாவப் பாத்தீங்களா?"

"இல்லீங்களே."

"தொலஞ்சதும் நல்லதாப் போச்சுங்க சார். இல்லீனா கயிறு நெனப்பே வந்திருக்காது."

அந்தச் சிரிப்பில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வருடத்திலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் பாடத்தை நானும் கயிற்றால்தான் நடத்தினேன். யாருடைய யோசனை என்று ஒருநாளும் சொன்னதில்லை. போன வாரம் பொள்ளாச்சி பஸ்ஸில் நரைத்த தலையோடு ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். பழைய மாணவர். "சார், நீங்க மைதானத்துல கயிறு வெச்சு நடத்துனீங்களே, அத மட்டும் இன்னும் மறக்கலீங்க" என்றார். உங்கள் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது வருடம் பாடம் நடத்தியதில் அவருக்கு நினைவிருப்பது அந்த ஒன்றுதான், டீச்சர். அவர் என்னைத்தான் புகழ்ந்தார். எனக்கு உங்கள் மேல்தான் பொறாமையாக இருந்தது.