நாற்பது அங்குல பேன்ட்

குட்டியின் அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? குட்டிக்கு இருமல் விட்டதா? என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை கேள். நீ தைத்துக் கொடுத்த சூட் பேன்ட்டைத்தான் பீரோ கடை வேலைக்குத் தினமும் போட்டுப் போகிறேன். இங்கே எல்லோரும் கணுக்கால் தெரிய, காலோடு ஒட்டினாற்போல் போடுகிறார்கள். நீயோ ஷூவைத் தொடுகிற மாதிரி தைத்து, "இன்னும் வளருவீங்களோ என்னவோ" என்று உள்ளே இரண்டு அங்குலம் மடித்தும் விட்டிருந்தாய். இப்போது அது தரையைக் கூட்டுகிறது. தொடையும் தொளதொளவென்று இருக்கிறது.

சின்னதாக்கித் தரச் சொல்லிப் பக்கத்துத் தெரு டெய்லரிடம் போனேன். அவர் பேன்ட்டை மேஜையில் விரித்து அளந்தார். பாக்கெட்டுக்குள் நீ எழுதிய அதே நாற்பது அங்குலம். "துணி ஒரு நூல்கூட நீளலைங்க" என்றவர் அடுத்து என் காலை அளந்தார். அளவைச் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினார்.

"உங்களுக்கு முன்னாடி அந்த பீரோ கடையில இருந்தவரும் இப்படித்தான் மாசாமாசம் வருவாரு. கடைசியா அவருக்கு ஸ்கூல் பையன் அளவுல தச்சுக் கொடுத்தேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நீ ஒன்றும் யோசிக்காதே, அவர் டேப்பில்தான் ஏதோ கோளாறு. நீ என்னை அளந்த மஞ்சள் டேப்பை அனுப்பி வை. குட்டி உன் இடுப்புக்கு வளர்ந்துவிட்டாளாமே, அவள் உயரத்தையும் அளந்து எழுது.

கடை திறக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பி.கு.: நான் சட்டை மாட்டுகிற ஆணியை ஒரு சாண் கீழே இறக்கி அடித்து வை. எதற்கும் இருக்கட்டும்.