கட்டிங் வேஸ்டுக்கு நம்பர் போட்ட வாரம்

ஜூலை 14, திங்கள்

காற்று. ஆடி பிறக்கவே இல்லை, அதற்குள் எங்கள் மண்ணரை ஏரியா முழுக்கப் பனியன் தூசி. கண்ணில் ஒன்று விழுந்து மத்தியானம் வரை உறுத்தல்.

இன்றைய வேலை: மிளகாய்த்தூள். ஷாம்பு. நம்ம பேண்டின் பாட்டுத் தொகுப்புக்கு நம்பர் வாங்குவது.

மூன்றாவது எப்படி என் தலையில் விழுந்தது? அருள்புரம் பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன், நாள் முழுக்க ஜட்டி பாக்கெட்டில் பார்கோடு ஒட்டுகிறேன். அதனால்தான். அம்மிணிக்குத்தான் அத்துப்படியாச்சுங்களே என்று டிரம்ஸ் குமரேசு (இனி கு.) தள்ளிவிட்டுவிட்டான்.

பேண்ட் பெயர் கட்டிங் வேஸ்ட், துணி வெட்டியதில் மிஞ்சும் துண்டு. பங்க். நான் தொண்டை, கு. டிரம்ஸ், எங்கள் கம்பெனி டெய்லர் சோனு கிட்டார். தொகுப்பின் பெயர் செகண்ட்ஸ், கம்பெனியில் பழுதென்று ஒதுக்குகிற சரக்கு. இதுவரை தனித்தனியாக விட்ட பாட்டுகளை ஒன்றாகக் கட்டிப் போடுகிறோம்.

வெள்ளிக்குள் இணையத்தில் ஏறியாக வேண்டும். பெங்களூர் இசை விழாக்காரர்கள் அன்று கேட்டுவிட்டுத்தான் மேடை உண்டா இல்லையா என்று சொல்வார்கள். இத்தனை வருஷம் கத்தியதற்கு ஒரே மேடை, ஒரு கல்யாண மண்டபம். பந்தி ஆரம்பித்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இதுவும் கிடைக்காவிட்டால் அழுதுவிடுவேன். இங்கே எழுதுவதோடு சரி, யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

நம்பர் போட்டாயிற்று. சுலபம். தொகுப்பு முழுவதற்கும் வெளியே ஒரு பார்கோடு. உள்ளே ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அடையாள எண். கம்பெனியில் எப்படியோ அப்படியே செய்தேன். அதே ஜட்டிதான், ஆனால் மூன்றாகச் சேர்த்துப் புதுப் பாக்கெட்டில் போட்டால் புது நம்பர். பழசை ஒட்டினால் மேனேஜர் உயிரை எடுத்துவிடுவார். எல்லாப் பாட்டுக்கும் புத்தம்புது நம்பர். கொஞ்சம் கர்வம்.

அம்மா: "ஏட்டி ஜெபா, பாட்டுக்கு எதுக்குட்டி நம்பரு?"

சர்ச்சில் நம்பர் சொல்லித்தானே பாடுகிறோம் என்றேன். உடனே பிடித்துக்கொண்டாள். ஊரில் புதுப் பாட்டுப் புத்தகம் வந்த வருஷம் பாதிச் சபை பழைய நம்பரையும் பாதிச் சபை புது நம்பரையும் பாடியதாம். போதகர் பாதியில் நிறுத்தி ஜெபத்துக்குப் போய்விட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரித்து அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது.

கு. நம்ம பார்கோடை மளிகைக் கடைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்கிறான். ஒன்றும் வரவில்லை. கிலோ என்ன விலைங்க என்று கடைக்காரர் கேட்டாராம். லூசு.

ஜூலை 16, புதன்

வயிறு சரியில்லை. கேன்டீன் தக்காளி சாதம்.

பாட்டு ஏற்றும் தளத்திலிருந்து மெயில். 'ஓவர்டைம்' பாட்டை நிறுத்திவைத்துவிட்டார்கள். இதே பதிவு வேறொரு எண்ணில், வேறொருவர் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறதாம். யார் உங்களுக்கு உரிமை கொடுத்தது என்று கேள்வி.

அந்த வேறொருவர் கார்த்தி. நம்ம பழைய கிட்டார். போன வருஷம் சண்டை போட்டுக்கொண்டு போனவன். 'ஓவர்டைம்'தான் நம்ம முதல் பாட்டு, அதை அவன் கணக்கில்தான் ஏற்றினோம். மறந்தே போயிற்று.

உட்கார்ந்து விதிமுறையைப் படித்தேன். ஜட்டிக்கு நேர் தலைகீழ். பாக்கெட் எத்தனை தடவை மாறினாலும் பதிவு அதே என்றால் பாட்டின் நம்பரும் அதேதான், சாகும் வரை. தொகுப்புக்கு மட்டும்தான் புதுசு. மற்ற பாட்டெல்லாம் என் கணக்கு, பழைய எண்ணைத் தேடி மாற்றிவிட்டேன். 'ஓவர்டைம்' மட்டும் எண்ணும் கார்த்தியிடம், அனுமதியும் கார்த்தியிடம். ஜனங்கள் கேட்டதே அந்த ஒரு பாட்டைத்தான். பெங்களூர்க்காரர்கள் தேடி வந்ததும் அதை வைத்துத்தான்.

சோனு: "தீதி, அப்னா ஹி மால் சோரி கியா?" நம்ம சரக்கை நாமே திருடிவிட்டோமா என்கிறான். ஆமாண்டா.

கு.விடம் சொன்னேன். அவன் மூஞ்சியில முழிக்கறதுக்கு மேடையே வேண்டாமுங்க என்று போனை வைத்துவிட்டான். ஒரே பைக்கில் சுற்றிய ஜோடி இரண்டும். எரிச்சல்.

ஜூலை 17, வியாழன்

அரை நாள் லீவு. பஸ் மாறி சாமளாபுரம். பக்கத்து சீட்டில் கோழியோடு ஒருவர்.

கார்த்தி இப்போது அவன் வீட்டுத் தறிக்கூடத்தில் இருக்கிறான். பவர்லூம் சத்தம் காதைப் பிளக்கிறது. கு.வைவிடத் தறி தாளம் பிசகாமல் அடிக்கிறது. (இதை கு. படிக்கக் கூடாது.)

காதருகில் கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னேன். தொகுப்பில் போட்டிருக்கிற 'ஓவர்டைம்' கொடுங்க என்று வாங்கி, இயர்போனில் போட்டுக் கேட்டான். முகம் சுருங்கிவிட்டது. வெளியே கூட்டிப்போனான்.

"ஆரம்பத்துல நான் பேசறது எங்கீங்க?"

பிடித்துவிட்டான். சண்டைக்கே அதுதான் காரணம். ரெகார்டிங்கில் முதல் அடிக்கு முன்னால் அவன் குரல் கேட்கும்: "ஆரம்பிச்சுக்கலாங்களா?" பந்தியில் இலை போடக் கேட்கிற மாதிரி. பங்க் பாட்டுக்கு இந்த மரியாதை எதற்கு, வெட்டு என்றான் கு. மரியாதை இல்லாம எனக்குக் கத்த வராதுங்க என்றான் கார்த்தி. அப்போது வெட்டவில்லை, ஆனால் பேச்சு முற்றி, கார்த்தி பேண்டை விட்டே போய்விட்டான். இப்போது தொகுப்புக்காக கு. சொல்படி நான்தான் வெட்டினேன்.

"நம்பர் தர்றனுங்க. ஆனா அது நான் பேசறதோட சேத்தி இருக்கற பதிவோட நம்பருங்க. வெட்டிப்போட்டா அது வேற சாமான். நீங்க வேற நம்பர் வாங்கிக்கோங்க."

விதிப்படி சரியா, தெரியாது. நியாயப்படி சரி. அவனை இவ்வளவு நாள் பார்க்காதது எனக்கு வருத்தமாக இருந்திருக்கிறது. அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

அவன் அம்மா மோர் கொடுத்தார்கள். நம்பரைக் கையில் எழுதிக்கொண்டேன். அனுமதி மெயிலும் அங்கேயே அனுப்பிவிட்டான். வீட்டுக்கு வந்து வெட்டாத பதிவை ஏற்றினேன். கு.விடம் சொல்லவில்லை. பயம்.

ஜூலை 18, வெள்ளி

தொகுப்பு ஏறிவிட்டது! எல்லாப் பாட்டும்.

கு. கேட்டிருப்பான். காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. வேலைக்கும் போகவில்லையாம். போச்சு, இருக்கிற டிரம்ஸும் போச்சு. அந்தக் கவலையில் சின்னப் பிள்ளை ஜட்டியில் பெரியவர் ஸ்டிக்கர் ஒட்டி மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் பெங்களூரிலிருந்து போன். மேடை உண்டு. டீ குடிக்கப் போன பேக்கரி வாசலிலேயே குதித்தேன். ஆனால் ஒன்று. பாட்டுக்கு முன்னால் ஆரம்பிச்சுக்கலாங்களா என்று கேட்கிறவர் கட்டாயம் வர வேண்டுமாம். அங்கே எல்லோருக்கும் பிடித்ததே அவரைத்தானாம். அதை வெட்டியிருந்தால் வேறு யாரோ என்று நினைத்திருப்போம் என்றார்கள்.

கார்த்திக்குப் போன் போட்டேன். தறிச் சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள்:

"குமரேசு இங்கதானுங்க இருக்கறான். மத்தியானமே வந்துட்டான். தொடையில தட்டிட்டே உக்காந்திருக்கறான்."

பெங்களூர் சொன்னதைச் சொன்னேன். யாரோ போனைப் பிடுங்குகிற சத்தம். கு.

"அம்மிணி, நாலு டிக்கெட் போட்டுருங்க."