நீ தனியே வாசித்த ஒரு சுற்று

இன்று காலை காரின் குளிர்கால டயர்களை எடுக்க நிலவறைக்குப் போனேன். போர் வந்தால் ஒளிய என்று இந்த நாட்டில் கட்டடந்தோறும் கட்டிவைத்த பங்கருக்குள்தான் இங்கே எல்லோரும் டயரை அடுக்கி வைத்திருக்கிறார்கள், உனக்குத் தெரியாததா. அந்தத் தடித்த கொங்கிறீட் கதவை இழுத்துத் திறந்ததும் றப்பரும் பழைய அப்பிளும் ஈரச் சுவரும் கலந்த அதே வாசம் முகத்தில் அடித்தது. வந்த வேலையை மறந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் மாடிப் பெண் எட்டிப் பார்த்து "ஆல்லெஸ் குட்?", எல்லாம் சரிதானே என்று கேட்டாள். "யா, யா" என்றேன். அவளிடம் வேறென்ன சொல்வது.

நீ போய்ப் பத்து மாதமாகிறது. அதற்கு முன் பதினொரு வருடம், சனிக்கிழமை தவறாமல், இரண்டு மணிக்கு சாக்ஸபோன் பெட்டியோடு இந்தக் கதவடியில் வந்து நிற்பாய். உன் வீட்டில் வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையில் இடிக்கிறார் என்று, எங்கள் கட்டடப் பராமரிப்பாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி நான் வாங்கிய இடம் இது. "ஊரில பங்கருக்குள்ள ஓடினால் மூச்சுக்கூட விடப்படாது. இஞ்சை சத்தம் போடுறதுக்கெண்டே பங்கருக்குள்ள வாறம் மச்சான்" என்று முதல்நாள் சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அந்தக் கதவு மூடும் சத்தம் எனக்கு ஆகாது. நான் சொல்லாமலே அதைக் கவனித்துவிட்டு, அதன்பிறகு ஒருநாளும் நீ அதை முழுதாகச் சாத்தியதில்லை. ஒரு சாண் திறந்தே கிடக்கும்.

நீ இயந்திரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில். மாதத்தில் ஒரு ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்ட் வாசிப்பேன். பாட்டுக்கு அடியில் சேர்த்து அமுக்கும் சுரக்கூட்டு, அந்தக் கோர்ட், மூன்று தெரிந்தால் போதும் என்று நிம்மதியாக இருந்தவனை நீதான் கெடுத்தாய். பழைய சாமான் கடையில் நீ அந்தச் சாக்ஸபோனை வாங்கியபோது கடைக்காரர் ஒரு கட்டு இசைத்தட்டையும் சும்மா தந்துவிட்டார். அவ்வளவும் பீபாப் என்கிற ஜாஸ் வகை. அதில் ஒன்றைப் போட்டுக் காட்டினாய். "ஆரோ படியால உருண்டு விழுற மாதிரிக் கிடக்கு" என்றேன். "ஓம், விழுறான்தான். வடிவாக் கேள், ஒவ்வொரு படியிலயும் கால் வச்சுத்தான் விழுறான்" என்றாய். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. விளங்கியபோது மற்றப் பாட்டெல்லாம் கொஞ்சம் உப்புக் குறைந்துபோயிற்று.

அந்த இசை பிறந்த கதையை உன்னைப்போல் சொல்ல ஆளில்லை. உலகப்போர்க் காலத்து நியூயோர்க்கில், பெரிய நடன இசைக்குழுக்களில் வேலை செய்த கறுப்பின இளைஞர்கள். எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும், ஆடுகிறவர்களின் கால் தடுமாறக்கூடாது, அதற்குத்தான் சம்பளம். வேலை முடிந்ததும் நாலைந்து பேராகச் சின்ன விடுதிகளில் கூடி, யாராலும் ஆட முடியாத வேகத்தில் வாசித்தார்கள். காது எதிர்பார்க்கும் இடத்தில் முடிக்காமல் ஒரு எட்டுத் தள்ளி முடித்தார்கள். ஊரறிந்த பாட்டை எடுத்து, மெட்டைக் கழற்றிவிட்டு, அடியில் ஓடும் கோர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு அதன்மேல் புது மெட்டுக் கட்டினார்கள். "பகல் முழுக்க மற்றவையின்ர காலுக்கு வாசிச்சவங்கள். வேலை முடிய தங்கட காதுக்கு வாசிச்சவங்கள்" என்பாய். பிறகு உன் கையைப் பார்த்துக்கொண்டு, "நானும் கிழமை முழுக்க மெஷின்ர வேகம். சனிக்கிழமை மட்டும் என்ர வேகம்" என்பாய்.

அப்படித்தான் நீ ஒரு மாதா பாட்டை எடுத்தாய். நம் சனத்தில் பேசப் பழகும் பிள்ளைக்கும் தெரிந்த பாட்டு. அதன் மூன்று கோர்டுக்கு இடையில் இன்னும் ஏழெட்டைச் செருகி, வேகத்தை இரட்டிப்பாக்கி, மேலே உன் மெட்டைக் கட்டினாய். கீழே கோர்டுகளைப் போட்டுக்கொண்டே இருப்பது என் வேலை. "பழைய பாட்டை மனசுக்குள்ள பாடிக்கொண்டிரு. நீ விட்டால் நான் எங்க நிக்கிறன் எண்டு எனக்கே தெரியாது" என்று சொல்லித் தந்தாய். நாலு மாதம் பழகினோம்.

திருநாள் விருந்து. பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்றில் சனம் பாட்டைப் பிடித்துக்கொண்டு கைதட்டியது. இரண்டாவதில் தட்டிய கைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஓய்ந்தன. யாரோ சிரித்தார்கள். மூன்றாவது சுற்று, கண்ணை மூடிக்கொண்டு நீ வானத்தில் நின்றாய். அப்போது விழாக்குழுத் தலைவர் எழும்பினார். "இது மாதான்ர பாட்டோ, சேர்க்கஸோ? தம்பி, பூசைக்கு வாசிக்கிறனீர், நீராவது நிப்பாட்டும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உன் புருவம் ஒருமுறை மேலே போய் இறங்கியது. அவ்வளவுதான். கீழே ஒன்றுமில்லாமல், அந்தச் சுற்று முழுவதையும் நீ தனியாக வாசித்தாய். பழைய பாட்டையும் நீயே சுமந்து, புது மெட்டையும் நீயே சுமந்து, ஒரு இடத்திலும் இடறாமல் கொண்டுவந்து முடித்தாய். தலைவர் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். நீ கண்ணைத் திறந்து, என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, "பாத்தியளோ! எனக்காண்டி முழுச் சுற்றையும் விட்டுத் தந்திட்டான். ஜாஸில இதைப் பிறேக் எண்டு சொல்லுறது. நம்பிக்கை உள்ளவன்தான் குடுப்பான்" என்றாய். கைதட்டல் எழுந்தது. தலைவரே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் வெட்கமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு கையை நீட்டினேன்.

பிறேக் என்றால் மற்றவர்கள் ஓரிரு தாளக்கட்டுக்கு மட்டும் நிறுத்துவார்கள், ஒருவர் அந்த இடைவெளியில் பாய்ந்துவிட்டு வருவார். கேட்காமல் ஒரு முழுச் சுற்றுக்கு யாரும் விடுவதில்லை. அந்த மண்டபத்தில் இது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். ஆனாலும் நீ உண்மையிலேயே அப்படி நினைத்துவிட்டாயோ, இல்லை தெரிந்துதான் சொன்னாயோ என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்து நின்றாய். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. நீ பேர்ன் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாலு தரம் வந்தேன், நாலு தரமும் வாய்வரை வந்தது. பனியைப் பற்றிக் கதைத்தேன், ரயில் பிந்தியதைப் பற்றிக் கதைத்தேன். கோழை.

உன் முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசை முடிந்து உன் வீட்டுக்கு வந்தோம். உன் மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அடக்க முடியவில்லை. "தங்கச்சி, அண்டைக்கு மண்டபத்தில நான் அவனுக்குப் பிறேக் குடுக்கேல்லை. பயத்தில கையை எடுத்திட்டன்" என்றேன். அவள் கேத்தலைக் கீழே வைக்கவுமில்லை.

"அது அவருக்குத் தெரியும் அண்ணை. அண்டைக்கே வீட்ட வந்து சொன்னவர். 'இஞ்சை பாரப்பா, அவன் பயந்திட்டான். நீ மறந்தும் கேட்டுப் போடாதை. வெக்கத்தில சனிக்கிழமை வாசிக்க வராமல் விட்டிடுவான். அவனும் வராட்டி எனக்கு இந்த நாட்டில ஆர் இருக்கினம்' எண்டவர்."

தேத்தண்ணியைக் குடித்தேன். சூடு தெரியவில்லை. பதினொரு வருடமாக நான்தான் உனக்குத் துணைக்கு வாசிக்கிறேன் என்று ஒரு நினைப்பு எனக்கு. என்னை இழந்துவிடக் கூடாதென்று நீ ஒரு மண்டபத்துக்கே பொய் சொல்லியிருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபமும் வந்தது. ஒரு தரம் திட்டியிருக்கலாமே. நானும் அழுது தொலைத்திருப்பேன், இத்தனை சனிக்கிழமையும் இன்னும் கொஞ்சம் சுகமாகப் போயிருக்கும்.

கீபோர்டை மேலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பங்கர் உன் சத்தத்துக்குத்தான் தேவைப்பட்டது. நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசித்தால் கட்டை அழுந்தும் டொக் டொக் மட்டும்தான் வெளியே கேட்கும் என்கிறாள் மனைவி. ஊஸ்டர் நகரில் சாக்ஸபோன் வாசிக்கிற ஒரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறாளாம், போய்க் கேளுங்கோ என்றும் சொல்கிறாள். போகவில்லை. போக மனமில்லை. உன் மெட்டை நாம் எழுதி வைக்கவில்லை. "பதிஞ்சு வச்சால் அடுத்த முறையும் அதையே வாசிப்பன்" என்று பதிவு செய்யவும் நீ விட்டதில்லை. எனக்கு நாலு அடிக்கு மேல் ஞாபகமும் வராது. மிஞ்சிக் கிடப்பது கீழே ஓடுகிற கோர்டுகள் மட்டும். அவை என் கையில் பத்திரமாக இருக்கின்றன.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு உட்காருகிறேன். மாதா பாட்டை மனசுக்குள் பாடிக்கொண்டு வாசிக்கிறேன். மூன்றாவது சுற்று வரும்போது இன்னமும் உள்ளங்கை வியர்க்கிறது. மேலே ஒன்றும் இல்லை, நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கோர்டும் விடாமல் அந்தச் சுற்றை முடிவுவரை வாசிக்கிறேன்.

ஓமடா, அண்டைக்குப் பயந்திட்டன். இப்பவும் பயமாத்தான் கிடக்கு. ஆனால் கையை எடுக்கேல்லை மச்சான்.