தொட்டிக்குள் உன் ஸ்பூன்

சாயங்காலம் வண்டிச் சாவியைத் தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். ஈரம் காயாத உன் ஸ்பூன்தான் அகப்பட்டது. பெரிய மார்க்கெட் வாசலில், பூக்காரர்களின் கூச்சலுக்கு நடுவே, அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். வெட்கமாக இருந்ததடி. இப்போதும் இருக்கிறது.

நோன்பு மாதத்தில் எனக்காகக் கஞ்சித் தூக்கோடு நீ கொண்டுவந்த ஸ்பூன் இது. நாம் பாடம் நடத்திய கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் முதன்முதலில் மறைத்துக் காட்டியதும் இதைத்தான். அதற்கு முன்னால் ஒருநாள், முதலியார்பேட்டை சாலையில் உச்சி வெயில். தூரத்தில் தார் மேல் தண்ணீர் தெரிந்தது. ஸ்கூட்டரின் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாய். "பாத்தியாடி, சூடு ரோட்டையே மறைச்சுட்டு வானத்தக் காட்டுது. நாம ஒரு ஸ்பூன மறைக்க மாட்டமா?"

மறைத்தோம். தண்ணீர்த் தொட்டிக்குள் கார்பன் இழைகளால் ஆன மிக மெல்லிய தாள். மின்சாரம் பாய்ந்ததும் அது சூடாகும்; அதை ஒட்டிய தண்ணீரும் சூடாகி, ஒளி வளைந்து விலகிவிடும். பின்னால் இருக்கும் ஸ்பூன் காணாமல் போகும். ஆனால் எதிரே போட்ட நாற்காலியிலிருந்து பார்த்தால் மட்டும்தான்.

யார் வந்து பார்த்துக் கைதட்டினாலும் நீ விடமாட்டாய். "இப்ப இந்தப் பக்கம் வாங்க" என்று தொட்டியின் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போவாய். அங்கே ஸ்பூன் பல்லிளித்துக்கொண்டு கிடக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏண்டி நம்மள நாமளே கவுத்துக்கணும்?"

"இதையும் காட்டுனாத்தாண்டி சோதனை. இல்லன்னா மேஜிக் ஷோ."

நீ கதிர்காமம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போனபிறகு, ஆய்வுக்கூடத்தை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. அதை முடிவுசெய்யும் குழு இன்று மத்தியானம் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கவாட்டில் யாரும் வந்து நிற்க முடியாதபடி பெரிய மேசையை இழுத்துப் போட்டேன். ஒவ்வொருவராக நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பிளந்தார்கள். "எந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தாலும் இப்படித்தானா மேடம்?" என்று தலைவர் கேட்டார். தலையாட்டினேன். ஐயோ, தலையாட்டினேனடி!

உன் மகளும் அங்கேதான் இருந்தாள். இந்த வருடம் நம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அவர்கள் போனதும் மேசைக்கும் சுவருக்கும் நடுவே நுழைந்து பக்கவாட்டில் போய் நின்றாள். "ஆன்ட்டி, இங்கேர்ந்து நல்லாத் தெரியுதே. அம்மா எல்லாரையும் இங்க கூப்புடுவாங்கல்ல?" அவள் குரலில் கோபமே இல்லை. நான் ஸ்பூனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

மார்க்கெட் வாசலில் நின்றபடியே தலைவருக்குப் போன் செய்தேன். பொய்யாகத் தலையாட்டியதைச் சொன்னேன். "சரி, நாளைக்கு வர்றோம்" என்றார். குரல் நன்றாக இல்லை. மூடினாலும் மூடுவார்கள்.

நாளை உன் மகள் சுவிட்சைப் போடுவாள். "இப்ப இந்தப் பக்கம் வாங்க" என்று நான்தான் கூப்பிட வேண்டும். நீ இருந்தவரை அதை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஹெல்மெட்டுக்குள் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.